அன்வருதீன் சொல்லாத வசனம்

அன்வருதீனுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். சினிமாக்காரர்களோடு பழகிப் பழகி வந்த குணம் அது. எல்லாரும் கத்துகிற இடத்தில் இன்னொருத்தரும் கத்தினால் யார் காதிலும் ஏறாது. மெதுவாகப் பேசுகிறவர் பக்கம்தான் தலைகள் திரும்பும் என்று அவர் வெகு காலம் முன்பே கண்டுகொண்டிருந்தார்.

புதுச்சேரிக்குப் படம் பிடிக்க வருகிற கம்பெனிகளுக்கு வீடும் தெருவும் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். பிறந்தது உப்பளம். அத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இவர் ஆட்டோ ஓட்டினார். ஒருநாள் ரயில் நிலையத்தில் ஏறிய கேமராமேன் ஒருவர், உயரமான ஜன்னல் வைத்த பழைய வீடு எங்கேயாவது இருந்தால் காட்டு என்று கேட்டார். அன்வருதீன் அவரைப் பொழுது சாய்கிறவரை சந்து சந்தாகச் சுற்றிக் காட்டினார். அந்தக் கேமராமேன் அடுத்த படத்துக்கும் அவரையே கூப்பிட்டார். அப்படியே ஆட்டோ போய், லொகேஷன் மேனேஜர் என்ற பெயர் வந்தது.

பெயர்தான் பெரிது. வேலை என்னவோ, ஷாட் ஓடும்போது பைக்கில் குறுக்கே வருகிறவரிடம் "அண்ணே, ரெண்டே நிமிஷம்" என்று கும்பிடுவதும், குக்கர் விசில் அடிக்கிற வீட்டுக்கு ஓடி அடுப்பை அணைக்கச் சொல்லுவதும், போலீஸ் அனுமதிக்கு நடையாய் நடப்பதும், படப்பிடிப்பு முடிந்தபின் உடைந்த பூந்தொட்டிக்காக வீட்டுக்காரம்மாவிடம் திட்டு வாங்குவதும்தான். வருகிற டைரக்டர்கள் எல்லாரும் கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவரையே கேட்பார்கள். அதைக் கொடுத்துவிட்டு, "இந்த ஊர்ல ஜனங்களும் இருக்காங்க சார், அவங்க வூட்டையும் பாருங்க" என்பார். ஒன்றிரண்டு பேர் பார்ப்பார்கள். அவர் கையில் இருந்த முதலீடு ஒன்றே ஒன்று: அவர் போய்க் கேட்டால் கதவு திறக்கும்.

வினோத்குமார் முதல் தடவை வந்தபோது தனியாகத்தான் வந்தான். தோளில் ஒரு பை, காலில் தேய்ந்த செருப்பு. குறும்படங்கள் எடுத்திருந்தான். முதல் பெரிய படத்துக்குக் கதை வைத்திருப்பதாகச் சொன்னான். உப்பளத்து டீக்கடையில் உட்கார்ந்து அன்வருதீனிடம் கதையைச் சொன்னான்.

"ஒரு முஸ்லிம் வீடு பாய். அம்மா, ஒரே பையன். பையன் ரிப்பேர் வேலை தெரிஞ்சவன். தெருவுல யார் வீட்டுப் பொருள் செத்தாலும் அவன் கையில உயிர் வந்துடும். திடீர்னு அவன்மேல ஒரு பழி விழுது. தெரு அவன் பக்கம் நிக்குமா, நிக்காதா? அவ்வளவுதான் கதை."

அன்வருதீன் டீயைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை அவர் கேட்டிருந்த கதைகளில் முஸ்லிம் வருவது இரண்டே விதம். ஒன்று, பிரியாணி கொண்டுவந்து கொடுத்து, கதாநாயகனைக் கட்டிப்பிடித்து, இடைவேளைக்கு முன்னால் செத்துப்போகிற நண்பன். இன்னொன்று குண்டு வைக்கிறவன். சும்மா வீட்டில் உட்கார்ந்து கொஞ்சம் கவலைப்பட்டு, கொஞ்சம் சிரித்து, கரண்டு பில் கட்டுகிற முஸ்லிமை இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"தம்பி, இது எங்க வூட்டுக் கதை மாதிரியே இருக்குது" என்றார். "என் தங்கச்சி மவன் உஸைர் இருக்கான். தட்டாஞ்சாவடியில ஒரு கம்பெனியில எலக்ட்ரானிக்ஸ் வேலை. வூட்டுக்கு வந்தா அதே வேலைதான். மொபைலு, மிக்ஸி, பள்ளிவாசல் மைக்கு, கோயில் சாமி ஊர்வலத்துக்கு சீரியல் லைட்டு, எல்லாம் அவன்தான்."

வினோத்குமார் பையிலிருந்து போனை எடுத்துப் பதிவு செய்யலாமா என்று கேட்டான். தாராளமாக என்றார் அன்வருதீன். தங்கச்சி ஜரினாவின் புருஷன் சுக்கூர் சின்ன வயதிலேயே மாரடைப்பில் போனது, ஜரினா தையல் மிஷினை வைத்துப் பிள்ளையை வளர்த்தது, வேலை முடிந்து வந்து மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு உஸைர் நெடுநேரம் கம்பிகளைப் பற்றவைப்பது, எதிர்வீட்டுக் கன்னியம்மாள் இட்லி மாவு அரைக்கிற கிரைண்டர் நின்றுபோனால் "டேய் உஸைரு" என்று அங்கிருந்தே கூப்பிடுவது, எல்லாவற்றையும் சொன்னார். படத்தில் பாதிக் கதை அன்று அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

பிறகு அவன் நெடுநாள் வரவில்லை. போனில் மட்டும் பேசுவான். ஒரு தயாரிப்பாளர் கதையைக் கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டார் என்பான். இன்னொருவர் பாட்டு எங்கே என்று கேட்டாராம். அன்வருதீன் ஆறுதல் சொல்லுவார். ஒரு கதை படமாவதற்குள் எத்தனை கை மாறும், ஒவ்வொரு கையும் அதில் என்ன கிள்ளும், என்ன ஒட்டும் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் ஒருநாள் வினோத்குமார் சந்தோஷமாகக் கூப்பிட்டான். "ஆள் கிடைச்சாச்சு பாய். சின்னச் சின்ன மாத்தம் சொல்லியிருக்காரு. பூஜை போட்டாச்சு. வீடு வேணும்."

ஜரினாவின் வீடு முல்லா வீதிக்குப் பக்கத்துச் சந்தில். வாசலில் பச்சை வர்ணம் அடித்த இரட்டைக் கதவு. மேலே சுக்கூர் பெயரில் பலகை. உள்ளே கூடத்துச் சுவரில் சுக்கூரின் போட்டோ. அதைத் தாண்டி உஸைரின் அறை. ஜரினா முதலில் முடியாது என்றாள்.

"செருப்போட உள்ள வருவாங்க. சுவத்துல ஆணி அடிப்பாங்க. நான் எங்க தொழுவேன்? வாணாம்ண்ணே."

"நான் கூடவே இருப்பேன் ஜரினா. நல்ல கதை. நம்ம மாதிரி ஜனங்கள பத்தி ஒருத்தன் ஒழுங்கா எடுக்க வர்றான். நாமளே கதவ சாத்தினா எப்படி?"

அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். அவர் நீட்டிய அனுமதிக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டாள்.

வீடு பார்க்க வந்த ஆர்ட் டைரக்டர் கூடத்தையும் சமையல்கட்டையும் வேகமாகக் கடந்து, உஸைரின் அறையில் போய் நின்றுவிட்டார். மேஜைமேல் பற்றவைக்கிற கம்பி, பிரித்துப்போட்ட போன்கள், சிவப்பும் நீலமுமாக ஒயர்கள், பாட்டரிகள், பூதக்கண்ணாடி விளக்கு. "எதையும் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றார். உஸைருக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று சாயங்காலம் மேஜையைத் துடைக்கப் போன அம்மாவைக்கூட அவன் தடுத்துவிட்டான்.

படப்பிடிப்பு நடந்த நாட்களில் கதை யாருக்கும் கதையாகத் தெரியாது. முடிவை முதலில் எடுப்பார்கள், தொடக்கத்தைக் கடைசி நாளில் எடுப்பார்கள். அம்மாவாக நடித்த நடிகை ஒரு காலை முழுக்கத் தொழுகை விரிப்பில் உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று லைட் பிடிக்கிறவருக்குத் தெரியாது; அவருக்கு நிழல் விழாமல் இருந்தால் போதும். நடிகைக்குத் துப்பட்டா போடச் சொல்லிக் கொடுத்தது ஜரினா. எந்தக் கையை எங்கே வைப்பது என்று காட்டிக் கொடுத்ததும் அவள்தான். மேஜைமேல் இருந்த ஒயர்களையும் மகனாக நடித்த பையனின் விரல்களையும் கிட்டத்தில் வைத்துக்கொண்டு கேமராமேன் ஒரு பகல் முழுக்க எடுத்தார். வாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்கிற காட்சி எடுத்தபோது மட்டும் அன்வருதீன் டைரக்டரிடம் கேட்டார்.

"ஜீப்பு எதுக்கு தம்பி?"

"அதான் பழி விழுதே பாய். திருட்டு போன்னு தப்பா நெனச்சுத் தேடி வர்றாங்க."

பொருந்தித்தான் இருந்தது. அது போதாதென்று, பக்கத்து வீட்டுக்காரராக ஒரு சின்ன வேஷம் போடச் சொல்லி அன்வருதீனையே நிறுத்தினார்கள். போலீஸ் அதிகாரி கேட்கிறார். இவர் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு எழுதிக் கொடுத்த வசனம் இது: "நல்ல பையன் சார். யார் வூட்டு ஃபேன் நின்னாலும் ராத்திரின்னு பாக்காம ஓடி வருவான்." ஒரே டேக்கில் சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கன்னியம்மாள் தன் வாசலிலிருந்து, "பாய் கண்ணுக்கு இனிமே நாமெல்லாம் தெரியமாட்டோம்" என்று கிண்டல் செய்தாள்.

மழைக்காலம் போய் வெயில் வந்தபிறகு டப்பிங்குக்குக் கூப்பிட்டார்கள். வெளியே எடுத்த காட்சிகளில் பதிவான குரலில் தெருச் சத்தமெல்லாம் கலந்திருக்கும். அதை எடுத்துவிட்டு நடித்தவர்களையே திரும்பப் பேசவைப்பார்கள். அன்வருதீன் இஸ்திரி போட்ட சட்டையோடு சென்னைக்குப் போனார். வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டூடியோ. இருட்டான அறையில் மைக்குக்கு முன்னால் நிற்கவைத்து, எதிரே திரையில் அவர் முகத்தைப் போட்டார்கள். இவ்வளவு பெரிசாகத் தன் முகத்தை அவர் பார்த்ததில்லை. அசிஸ்டெண்ட் ஒருவன் கையில் தாளைக் கொடுத்தான். அன்வருதீன் படித்தார்.

"அந்த வூட்ல என்னமோ நடக்குது சார். ராத்திரியெல்லாம் லைட்டு எரியும். புதுசு புதுசா ஆளுங்க வருவாங்க."

"தம்பி, இது என் வசனம் இல்ல. வேற யாரோடதோ மாத்திக் கொடுத்துட்டீங்க."

"உங்களோடதுதான் பாய். உதட்டசைவு சரியா உக்காரும். எண்ணிப் பார்த்துத்தான் எழுதியிருக்கோம்."

திரையில் அவர் முகம் வாயசைத்து நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓடி, மறுபடி வாயசைத்தது. அன்வருதீன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சவுண்ட் இன்ஜினீயரைப் பார்த்து, இதற்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதைக் கொஞ்சம் போடுங்கள் என்றார். அவர் போட்டார். அவருக்கு அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

சுக்கூர் பெயர் எழுதிய பலகை. பச்சைக் கதவு. சுவரில் சுக்கூரின் போட்டோ. உஸைரின் மேஜை. சிவப்பு ஒயர், நீல ஒயர், விரல்கள், பாட்டரி. பிறகு ஒரு பஸ் நிலையம், பிள்ளையோடு நிற்கிற ஒரு பெண், வெடிச்சத்தம், புகை. அப்புறம் ஜீப். அப்புறம் அவர் முகம். அப்புறம் ஜரினா சொல்லிக் கொடுத்தபடி துப்பட்டா போட்ட நடிகை, விரிப்பில் உட்கார்ந்து, இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றேனே என்று கதறுகிறாள்.

மாடியில் எடிட்டிங் அறையிலிருந்து வினோத்குமாரைக் கூட்டிவந்தார்கள். காலில் புது ஷூ. அவன் அன்வருதீனின் முகத்தைப் பார்த்ததுமே அசிஸ்டெண்டை வெளியே போகச் சொன்னான்.

"கதை மாறிடுச்சு பாய்."

"எப்போ?"

"புரொடியூசர் வந்தப்பவே. செய்யாத தப்புக்கு மாட்டுறவன் கதைய யார் பாப்பாங்கன்னு கேட்டாரு. நெஜமாவே செஞ்சவனா இருந்தா பரபரப்பா இருக்கும்னாரு. எத்தனை வருஷம் அலைஞ்சேன்னு உங்களுக்கே தெரியும். இத விட்டா எனக்குப் படமே கிடையாது."

"அப்ப ஷூட்டிங்குக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும்."

வினோத்குமார் திரையில் ஓடுவதை நிறுத்தச் சொல்லிக் கண்ணாடிப் பக்கம் கைகாட்டினான்.

"திருட்டு போனுன்னு சொன்னீங்களே."

"சொன்னா வீடு கொடுத்திருப்பீங்களா பாய்?"

அன்வருதீனின் குரல் இறங்கியது. "அப்ப திருடிட்டேன்னு சொல்லு. கதை மாறிடுச்சுன்னு சொல்லாத. கதை தானா மாறாது. நீ மாத்தினே."

அந்த 'நீ' விழுந்ததும் அவன் முகம் சுண்டியது. சமாதானம் செய்யப் பார்த்தான். "நாங்க பேலன்ஸ் பண்ணியிருக்கோம் பாய். எல்லாரும் கெட்டவங்கன்னு காட்டல. நல்ல முஸ்லிம் ஒருத்தரும் படத்துல இருக்காரு."

"யாரு?"

"நீங்கதான். போலீசுக்குத் தகவல் சொல்றவரு."

அன்வருதீன் கையிலிருந்த தாளை நாலாகக் கிழித்து மைக்கின் அடியில் வைத்தார். "என் மருமவன நானே காட்டிக் கொடுத்தாத்தான் நான் நல்லவனா? இத நான் பேசமாட்டேன்."

"நீங்க பேசலன்னா வேற வாய்ஸ் போட்டுக்குவாங்க பாய். என் கையில இல்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் கடலைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் போனில் ஏதோ காமெடி பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் சிரிப்பைக்கூட அன்வருதீனால் பொறுக்க முடியவில்லை. வினோத்குமார்மேல் இருந்த கோபம் ஒரு பக்கம், தன்மேல் இருந்த கோபம் இன்னொரு பக்கம். டீக்கடையில் அன்று 'மேஜை விளக்கைப் போட்டுக்கினு நெடுநேரம் வேலை செய்வான்' என்று சொன்னது யார்? 'ராத்திரியெல்லாம் லைட்டு எரியும்' என்பது அந்த வாக்கியத்துக்கு வேறு சட்டை மாட்டியதுதான்.

நேராக ஜரினா வீட்டுக்குப் போனார். உஸைரும் இருந்தான். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். உஸைர் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"என் டேபிளா மாமா?"

"ஆமாண்டா."

அவன் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஜரினா தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அவன எனக்கு யாருன்னே தெரியாது. அவன் என்னைய ஏமாத்த முடியாது" என்றாள். "நீ சொன்னேன்னுதான் கதவத் தொறந்தேன். எம்புள்ள முகத்துல கரியப் பூசினது நீதான். அவர் போட்டோவ வேற காட்டுறாங்களா? செத்தவரையும் வுடலியா?"

"ஜரினா..."

"போண்ணே. எங்கிட்ட பேசாத."

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. அவர் சலாம் சொன்னால் பதில் சலாம் மட்டும் வரும். அது கடமை.

இரண்டு வாரம் போயிருக்கும். புரொடக்‌ஷன் மேனேஜர் கூப்பிட்டார். எடிட்டிங்கில் பார்த்தபோது ஒரு இடத்தில் ஷாட் குறைகிறது, அரை நாள் பேட்ச் வொர்க் இருக்கிறது, அதே கதவு, அதே அறை வேண்டும், போலீஸ் அதிகாரி கதவை உதைத்து உள்ளே வருகிற ஷாட் என்றார். சென்னையில் நடந்தது அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் கேட்கிறாரா என்று புரியவில்லை. "கதவு கிடையாது" என்று சொல்லி அன்வருதீன் போனை வைத்தார். ஆனாலும் மறுநாள் காலை வேனும் ஜெனரேட்டர் வண்டியும் சந்துக்குள் வந்துவிட்டன. கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் இருக்கிறது, வீட்டம்மாவிடம் நேரில் பேசிக்கொள்கிறோம் என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

சேதி கேட்டு அன்வருதீன் ஓடிவந்தபோது ஜரினா இரட்டைக் கதவுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். வினோத்குமார் காரிலிருந்து இறங்கிக் கைகூப்பினான்.

"அக்கா, ஒரே ஒரு ஷாட்."

"எந்த ஷாட்டு? எம்மவன் ரூம் கதவ ஒதைக்கிற ஷாட்டா?"

"அது கேரக்டர்க்கா. உங்க மகனச் சொல்லல."

"மேஜை யாருது?"

வினோத்குமார் திரும்பி வேன் பக்கம் பார்த்தான்.

"கேக்கறேன்ல. மேஜை யாருது? செவுத்துல தொங்குற மனுசன் யாரு? அந்தப் பொம்பளைக்கு முக்காடு போடச் சொல்லிக் குடுத்தது யாரு? எல்லாம் எங்களுது. குண்டு மட்டும்தான் உங்களுது. அத எடுத்துக்கினு போங்க."

தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. கன்னியம்மாள் மாவுக் கையோடு இறங்கி வந்தாள். "என்னாய்யா, குண்டா? யாரு, உஸைரா?" என்று ஒருமுறை கேட்டாள். அன்வருதீன் ஆமாம் என்றார். அவ்வளவுதான். அவள் ஜெனரேட்டர் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "வண்டிய எடு. எங்க புள்ளைய குண்டு வெக்கிறவன்னு சொல்லிட்டு எங்க தெருவுலயே கரண்டு போட்டு படம் புடிப்பியா? எடுறா வண்டிய" என்று கத்தத் தொடங்கினாள். நாலு வீடு தள்ளி இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தெருவை அடக்குவதையே தொழிலாகச் செய்தவர் அன்வருதீன். அன்றைக்கு அவர் யாரையும் அடக்கவில்லை. வேன் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியேறியது.

படம் அதனால் நிற்கவில்லை. அந்த அறையைச் சென்னையில் செட்டாகப் போட்டார்கள். ஒயர் முதற்கொண்டு அச்சாக அப்படியே செய்திருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. முதலியார்பேட்டையில் இருந்த வக்கீல் தாமரைச்செல்வியிடம் அன்வருதீன் போனார். அவர் அனுமதிக் கடிதத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வீட்டை எந்தக் காட்சிக்கும் பயன்படுத்தலாம் என்று அதில் எழுதியிருந்தது. எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் எழுதும். அன்வருதீனே எத்தனையோ வீட்டில் அப்படிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். "ஆனா செத்தவர் போட்டோவும் பேரும் வேற விஷயம். அதுல கைய வைக்கலாம்" என்றார் வக்கீல். நோட்டீஸ் போனது. கம்பெனி கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு, பலகையையும் போட்டோவையும் கிராஃபிக்ஸில் அழித்துவிடுவதாக எழுதிக் கொடுத்தது. அன்வருதீனின் முகத்தை நீக்க மறுத்துவிட்டது. நடிக்க ஒப்புக்கொண்டுதானே நின்றீர்கள் என்று கேட்டது.

படம் வெளியான அன்று காலைக் காட்சிக்கு அவர் போனார். ஜரினா வரவில்லை. உஸைர் வருவான் என்று அவர் நினைக்கவில்லை. அவனோ தியேட்டர் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்தான். இரண்டு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். பின்னணி இசை நெஞ்சில் அடித்தது. சுக்கூர் இருந்த இடத்தில் வெறும் சுவர். பலகை இருந்த இடத்தில் பச்சைக் கதவுக்கு மேல் ஒன்றும் இல்லை. மேஜை வந்தபோது உஸைர் தலையைக் குனிந்துகொண்டான். பஸ் நிலையம் வெடித்ததும் முன்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

பிறகு ஜீப் வந்தது. அன்வருதீனின் முகம் திரை முழுக்க வந்தது. வாய் அசைந்தது. யாரோ ஒருவருடைய குரல், கொஞ்சம் தடித்த குரல், மதுரைப் பக்கத்து இழுப்போடு, அந்த வூட்ல என்னமோ நடக்குது சார் என்றது.

அன்வருதீன் எழுந்து நின்றுவிட்டார்.

"அது நான் சொன்னது இல்ல!"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உக்காருய்யா" என்றது ஒரு குரல்.

"அந்த ஆளு நான்தான். பாருங்க, இந்த மூஞ்சிதான். ஆனா அது என் குரல் இல்ல. நல்ல பையன் சார்ன்னு சொன்னேன். ஃபேன் நின்னா ஓடி வருவான்னு சொன்னேன். பொய்யா மாத்திட்டானுங்க. அந்த வூடு என் தங்கச்சி வூடு. அங்க தையல் மிஷினுதான் இருக்குது, குண்டு இல்ல!"

இருபது வருஷமாக அடக்கி வைத்த சத்தமெல்லாம் ஒன்றாய் வந்ததுபோல் இருந்தது. தொண்டை கிழிந்தது. சிலர் சிரித்தார்கள். சிலர் போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள். டார்ச் அடித்துக்கொண்டு வந்த தியேட்டர் ஆள் அவர் கையைப் பிடித்தான். உஸைர் எழுந்து அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, "நாங்களே போறோம்" என்றான். இரண்டு பேரும் வரிசையைத் தாண்டி வெளியேறும்போது, குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் தன் புருஷனிடம், "அப்ப அது நெஜமா நடந்தது இல்லியா?" என்று கேட்பது காதில் விழுந்தது. அவன் "படத்தப் பாரு" என்றான்.

படம் ஓடியது. பெரிதாக இல்லை, ஆனாலும் ஓடியது. தட்டாஞ்சாவடியில் உஸைரோடு வேலை செய்கிற ஒருத்தன், "மச்சி, நீயும் ஒயரு, அவனும் ஒயரு" என்று சிரித்தான். உஸைர் அவனோடு பேசுவதை நிறுத்தினான். டீக்கடையில் தெரியாதவர்கள் அன்வருதீனை நிறுத்தி, நல்லா நடிச்சிருக்கீங்க பாய் என்று கைகுலுக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் கையை இழுத்துக்கொண்டு முழுவதும் சொல்லுவார். சில பேர் கேட்பார்கள். சில பேருக்கு பஸ் வந்துவிடும்.

தன் பேச்சை நம்பிக் கதவு திறந்த வீடுகளுக்கெல்லாம் அவர் ஒவ்வொன்றாகப் போனார். வெள்ளைக்காரத் தெருவில் தனியாக இருக்கிற, பிரெஞ்சு அரசிடம் பென்ஷன் வாங்குகிற ஒருவர் வீட்டிலிருந்து உப்பளத்துக் காரை பெயர்ந்த வீடு வரைக்கும் போய், "இனிமே எவன் வந்தாலும், நானே கூட்டிக்கினு வந்தாலும், முழுக்கதையையும் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க" என்றார். அவரிடம் வருகிற கம்பெனிகளிடமும் அதையே சொன்னார். பாதிப் பேர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

வினோத்குமார் ஒருமுறை கூப்பிட்டான். அடுத்த படம் கிடைத்துவிட்டதாம். "அந்தப் படத்துல மனசே இல்லாமத்தான் பாய் வேலை செஞ்சேன். அடுத்தது நம்ம பழைய கதைய அப்படியே எடுக்கப் போறேன். உங்க ஆசீர்வாதம் வேணும்."

"அந்தக் கதை உன்னுது இல்ல" என்றார் அன்வருதீன். "எங்க வூட்டுது. அதத் தொட்டே, நான் இந்தத் தடவ தேட்டர்ல கத்தமாட்டேன். உன் பூஜையில வந்து கத்துவேன்."

தியேட்டரில் யாரோ எடுத்த வீடியோ கைக்குக் கை மாறி, கடைசியில் கன்னியம்மாளின் போனுக்கு வந்தது. அவள் அதை ஜரினாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அன்வருதீன் வெளியே வரும்போது உஸைர் பைக்கோடு நின்றிருந்தான். அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்றான்.

ஜரினா தட்டைப் போட்டாள். சோற்றை வைத்தாள். குழம்பை ஊற்றினாள். அவர் கை நனைக்கிறவரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"தேட்டர்ல கத்தினியாமே?"

"ஆமா."

"பாத்தேன். கன்னியம்மா காட்டிச்சி."

அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"சத்தம் பத்தல" என்றாள் ஜரினா. "இன்னும் கத்தியிருக்கணும்."

கறித்துண்டு ஒன்றை எடுத்து, சற்று வேகமாகவே, அவர் தட்டில் போட்டாள்.